பெயர் நீக்கம்: மடற்குழுவிலிருந்து கேடி லிஸ்ட் வரை

சிதம்பரத்தில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். வாசலில் மேசை போட்டு நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார்கள். பெயர், ஊர், செல்பேசி எண், மின்னஞ்சல் என்று நான்கு கட்டம். மத்தியானச் சாப்பாட்டு டோக்கன் வேண்டுமென்றால் அதில் எழுத வேண்டும். எழுதினேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நோட்டு எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது. நூல் வெளியீடு, இரங்கல், கண்டன அறிக்கை, கண்டன அறிக்கைக்குக் கண்டனம், யாரோ ஒருவர் கவிதை, அதற்கு இன்னொருவர் பாராட்டு.

சென்ற ஆண்டு ஒருநாள், 'தயவுசெய்து என் பெயரை நீக்கிவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அது குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. அரைமணி நேரத்தில் 'என்னையும்' என்று ஒருவர். 'என்னையும் என் மனைவியையும்' என்று மற்றொருவர். 'இதையெல்லாம் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்' என்று ஒரு பேராசிரியர், எல்லோருக்கும். சாயங்காலம் கடலூரிலிருந்து மூத்த தோழர் ஒருவர் போன் செய்தார்.

"என்ன தம்பி, கோவமா? யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லண்ணே. மெயில் நெறைய வருது, அதான்."

"அதுக்கு வெளிய போயிடுவீங்களா? படிக்காம அழிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் சூழலில் வெளியேறுவது என்பது ஓர் அறிக்கை. அமைப்பிலிருந்தோ ஆசிரியர் குழுவிலிருந்தோ விலகுகிறவர் நாலு பக்கம் எழுதி இன்னொரு பத்திரிகையில் வெளியிடுவார். சும்மா போகிறேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எனக்கு உறைத்தது வேறு விஷயம். உள்ளே வர நான் செய்தது ஒரு வாய் சோற்றுக்காக ஒரு வரி எழுதியது. வெளியே போக வழி என்ன என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தபோது அதற்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அந்த வரலாறு என்னைக் கணினியிலிருந்து நகர்த்தி, பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் கொண்டுபோய் விட்டது.

முதலில் கணினி. பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் என்ற வலையமைப்பு 1981இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் அஞ்சல் பட்டியல்களைத் தொடக்கத்தில் மனிதர்கள்தான் பராமரித்தார்கள். சேர்வதற்கும் விலகுவதற்கும் பட்டியல்காரருக்கு எழுத வேண்டும், அவர் கையால் செய்வார். விடுப்பில் இருந்தால் இல்லை. 1986இல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ் என்பவர் லிஸ்ட்சர்வ் என்ற நிரலை எழுதினார். அதன்பின் 'சப்ஸ்கிரைப்' என்று ஒரு வரி எழுதினால் உள்ளே. 'சைன்ஆஃப்' என்று ஒரு வரி எழுதினால் வெளியே. இடையில் மனிதர் இல்லை, 'என்ன கோவமா?' இல்லை. சின்ன வசதிதான். ஆனால் பட்டியலில் இருப்பவரே தன் பெயரைத் தானே அடிக்கலாம் என்பது பட்டியல்களின் வரலாற்றில் அடிக்கடி நடந்த ஒன்றல்ல. கோயில் கணக்கு, அடங்கல், சிட்டா, குடிக்கணக்கு என்று நம் ஊர்ப் பட்டியல் எதிலும் பேனா, பட்டியலில் உள்ளவர் கையில் இருந்ததில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குழுவுக்கு இரண்டு முகவரிகள். ஒன்றுக்கு எழுதினால் எல்லோருக்கும் போகும். மற்றொன்று பட்டியலை நிர்வகிக்கும் நிரலின் முகவரி. விலகும் கட்டளை இரண்டாவதற்குத்தான் போக வேண்டும். பல குழுக்களில் குழுப்பெயரோடு 'ரிக்வெஸ்ட்' என்ற சொல்லை ஒட்டினால் அந்த இரண்டாவது முகவரி கிடைக்கும். நான் முதலாவதற்கு எழுதினேன். என்னைப்போல் உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1998இல் இதற்கென ஒரு தரவிதி வந்தது, ஆர்.எஃப்.சி. 2369. விலகும் வழியை ஒவ்வொரு அஞ்சலின் தலைப்பகுதியிலும் எழுதி வைக்கச் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத அந்த வரியைப் படித்துத்தான் இன்று அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தானைக் காட்டுகிறார்கள். 2017இல் ஆர்.எஃப்.சி. 8058, ஒரே அழுத்தில் விலகுவதற்கு. 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள் இதை வைத்தே ஆக வேண்டும், இரண்டு நாளில் பெயரை எடுத்தே ஆக வேண்டும் என்று கூகுள் விதித்தது, யாஹூவும் அப்படியே. அரசாங்கம் போட்ட சட்டத்தைவிட இது வேகம்: அமெரிக்காவின 2003ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வேலைநாள் கொடுக்கிறது. முன்பின் தெரியாத மோசடி அஞ்சலில் மட்டும் அந்த இணைப்பை அழுத்தக்கூடாது. அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் உயிரோடிருக்கிறான் என்று நாமே சாட்சி சொன்னதாகும்.

இரண்டாவது முகவரியைக் கண்டுபிடித்து எழுதினேன். நிரல் பதில் போட்டது: இப்படி ஒருவர் இந்தப் பட்டியலில் இல்லை. எப்படி இல்லாமல் போவேன்? பிறகுதான் புரிந்தது. நோட்டில் நான் எழுதியது மாணவனாக இருந்தபோது வைத்திருந்த முகவரி. அதற்கு வருவது இப்போதைய முகவரிக்குத் திருப்பப்படுகிறது. பழையதன் கடவுச்சொல் மறந்து ஆண்டுகள் ஆகின்றன. நிரலுக்கு முகவரிதான் ஆள். எவனாகச் சேர்ந்தாயோ அவனாகவே வந்து நின்றால்தான் விலக்கும். பட்டியலிலிருந்து போக வேண்டுமென்றால், பட்டியலில் இருப்பவன் நான்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பெரிய அளவில் அஞ்சல் அனுப்புகிறவர்கள், விலகியவரின் முகவரியை அப்படியே அழித்துவிடுவதில்லை. அழித்தால், நாளைக்கு வேறொரு நோட்டிலிருந்து அதே முகவரி மறுபடி ஏறிவிடும். அதனால் 'சப்ரெஷன் லிஸ்ட்' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: அனுப்பக்கூடாதவர்கள் பட்டியல். வெளியேறியவர் வெளியேறியவராகவே இருக்க வேண்டுமானால், வெளியேறியவர் பட்டியலில் அவர் இருந்தாக வேண்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்குக் 'கேடி' என்ற சொல் நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கம் குறும்பு செய்கிற பிள்ளையைக் கேடி என்பார்கள். 'சரியான கேடிப்பய' என்று அத்தை கொஞ்சுவாள். அது தமிழ்ச் சொல் அல்ல, கேட்டிலிருந்து வந்ததும் அல்ல. 'நோன் டெப்ரடேட்டர்', தெரிந்த கொள்ளைக்காரன், என்று காவல்துறை வைத்திருந்த பட்டியலின் ஆங்கில முதலெழுத்துகள் கே, டி. ஒரு போலீஸ் பதிவேட்டின் தலைப்பு நம் வீட்டுக் கொஞ்சலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எம்.ஏ.வில் சொற்பிறப்பியல் தாள் எழுதியிருக்கிறேன். இது அதில் இல்லை.

1871இல் வட இந்தியாவுக்கென்று வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியை, அல்லது சாதியின் ஒரு பகுதியை, ஒரு ஊரில் உள்ள பகுதியைக்கூட, அரசு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கலாம். அறிவித்தபின் அந்த ஆட்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும், கைரேகையோடு. மதுரைப் பக்கம் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். அங்கே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதை நாம் பேசியிருக்கிறோம், நினைவுத் தூணும் நிற்கிறது. தென்னாற்காட்டைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. இங்கே பட்டியல், நாவலில் வராத பட்டியல்.

டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த தென்னாற்காடு கெசட்டியரிலேயே வேப்பூர்ப் பறையர்மேல் திருட்டுத் தொழிலாளர் என்ற முத்திரை விழுந்துவிட்டது. சட்டம் வருவதற்கு முன்பே பிரதி தயார். பிறகு அவர்கள் அறிவிக்கப்பட்டார்கள், குறவர்களில் பல பிரிவுகள் அறிவிக்கப்பட்டன, அஜீஸ் நகர் என்ற பெயரில் மாவட்டத்தில் ஒரு 'செட்டில்மெண்ட்' எழுந்தது. படையாட்சிகளில் ஒரு ஊரார் மட்டும் மாட்டினார்கள். இன்றைய அரசுப் பட்டியலிலும் அந்த வரி இருக்கிறது: படையாட்சி, கடலூர் மாவட்டத்தில் வில்லயன்குப்பம். பக்கத்து ஊர்ப் படையாட்சி கிடையாது. அதே பட்டியலில் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு என்று 'சி.கே. குறவர்' என்று ஒரு பெயர். இரண்டு ஆங்கில எழுத்து ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகிவிட்டது. கொஞ்சுவதற்கு இரண்டெழுத்து, சாதிச் சான்றிதழுக்கு இரண்டெழுத்து!

தொண்ணூறுகளில் நமக்கு முந்தைய தலைமுறை, சிற்றிதழ்களில் ஃபூக்கோவை விழுந்து விழுந்து விவாதித்தது. பெந்தாமின் வட்டச் சிறை, உடல்மேல் எழுதும் அதிகாரம், கண்காணிப்பு என்றெல்லாம் அந்தப் பக்கங்களிலிருந்துதான் நானும் கற்றேன், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பிரான்ஸ் நாட்டுச் சிறையைப் பார்த்த கண்ணுக்கு விருத்தாசலம் தாலுக்கா தெரிந்தது குறைவு. பெந்தாமின் வட்டச் சிறைக்குச் செங்கல் வேண்டும், காசு வேண்டும். இங்கே ஒரு நோட்டு போதும். சுவரே இல்லாமல் ஊரையே சிறையாக்கலாம்.

அந்த நோட்டிலிருந்து வெளியே வர என்ன வழி? சட்டத்தைப் படித்தால் வழி இருக்கிறது. பதிவேடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் பொறுப்புக்குப் போய்விட்டால், பிறகு மாவட்ட மாஜிஸ்ட்ரேட் எழுத்து மூலம் ஆணையிட்டாலொழிய எந்தப் பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. தவறாக ஏற்றிவிட்டார்கள் என்று கருதுகிறவர் அவரிடமே முறையிடலாம். ஆனால் அந்தச் சாதியைக் குற்றச் சாதி என்று அறிவித்தது செல்லுமா என்று மட்டும் எந்த நீதிமன்றத்திலும் கேட்கக்கூடாது. அதாவது, 'நான் அந்த ஆள் இல்லை' என்று சொல்லி வெளியே வரலாம். 'இந்தப் பட்டியலே கூடாது' என்று சொல்லி வர முடியாது. சொல்ல வேண்டுமானால் கலெக்டரிடம் போக வேண்டும். கலெக்டரைப் பார்க்க ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். ஊரைவிட்டுப் போக போலீஸ் அனுமதி வேண்டும். சைன்ஆஃப் கட்டளை போலீஸ்காரர் சட்டைப்பைக்குள் இருந்தது.

இதே காலத்தில் இதே மாவட்டத்தில் இன்னொரு பதிவேடு. 1916இல் சிதம்பரம் ஓமக்குளத்தில் சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் பெயர் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுவதற்கே ஒரு துறவி தனியாகப் பள்ளி கட்ட வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டு இடைவெளி. ஒரு நோட்டு கேட்காமலே பெயரை எழுதிக்கொள்கிறது. இன்னொரு நோட்டு கெஞ்சினாலும் எழுத மறுக்கிறது. யாரைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதைத்தான் நாம் வழக்கமாக எழுதுகிறோம். யாரை விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதையும் அதோடு சேர்த்து வைத்தால்தான் கணக்கு முழுசாகும்.

சென்னை மாகாணம், மத்திய அரசுக்கு முன்பே, 1947இல் ரத்துச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 முதல் சட்டம் செத்தது. அந்த நாளைத்தான் விடுதலை நாள் என்று அந்த மக்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் சென்னையில் இடையில் ஒன்று நடந்துவிட்டது: 1948இல் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய நோட்டை மூடுவதற்கும் புது நோட்டைத் திறப்பதற்கும் மை காயும் நேரம்கூட இல்லை. இம்முறை சாதியின் பெயர் இருக்காது, தனி ஆள்தான். எந்தத் தெருவிலிருந்து அந்தத் தனி ஆட்களை எடுப்பார்கள் என்பதைச் சட்டம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. காவல் நிலையத்துக்கு ஞாபகம் இருந்தது.

எவ்வளவு காலம் ஞாபகம் இருந்தது? 1993 மார்ச் மாதம், கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, ஒரு நகைத் திருட்டைச் சொல்லிக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. குறவர் சமூகத்தவர். அவர் மனைவி பார்வதியின் போராட்டமும், வழக்கறிஞராக இருந்த சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கும், கடைசியில் காவலர்கள் தண்டிக்கப்பட்டதும் 2021இல் 'ஜெய் பீம்' படம் வந்தபின் எல்லோருக்கும் தெரியும். படத்தில் அவர் இருளராகிவிட்டார். திரைக்கதையின் தேவை என்னவாகவும் இருக்கட்டும், கம்மாபுரத்தில் அவரை இழுத்துப்போனதன் பின்னால் இருந்த நாற்பத்தொரு ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டின் தடம் அந்தப் பெயர் மாற்றத்தில் கொஞ்சம் மங்கித்தான் போனது. என் அபிப்பிராயம் இது. படத்தை நேசிக்கிற நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதி அடிப்படையிலான விதிகளைச் செல்லாது என்றது. கைதிகள் பதிவேட்டில் உள்ள 'சாதி' என்ற கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது. தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். பெயரை நீக்கவில்லை, கட்டத்தை நீக்கினார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் கேட்கவிடாத கேள்வி அது.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு அரசு வைத்த பெயரே நீக்கப்பட்டவர்கள் என்பதுதான். தமிழில் 'சீர்மரபினர்' என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டோம். தமிழ்நாட்டில் 1979இல் அரசாணை ஒன்று 'பழங்குடி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சமூகம்' என்று மாற்றியது. ஒரு சொல் மாறியதில் மத்திய அரசுத் திட்டங்கள் கைக்கு எட்டாமல் போயின என்று அந்த மக்கள் நாற்பது ஆண்டு போராடி, 2019 மார்ச்சில் இரட்டைச் சான்றிதழ் பெற்றார்கள்: மாநிலத்துக்கு ஒரு பெயர், மத்தியத்துக்கு ஒரு பெயர். சுமார் 68 சாதிகள். முன்னேறிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார், "வெளிய வந்த பட்டியலுக்குள்ளயே திரும்பப் போகணும்னு எதுக்குத் தோழர் போராடுறாங்க?" உள்ளே போகவில்லை. வெளியேறியவர் பட்டியலில் இடம் கேட்கிறார்கள். மூன்று தலைமுறை படிப்பையும் நிலத்தையும் ஒரு நோட்டு தின்றது என்பதற்கு அரசு கையெழுத்திட்ட ஒரே சாட்சி அந்தச் சான்றிதழ். அதை அழித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல அவர்களுக்கு மனமில்லை. வெளியேறியவர் பட்டியலைப் போலீஸ் வைத்திருந்தால் அது 1948. வெளியேறியவர்களே வைத்திருந்தால் அது 2019. வேப்பூர்ப் பறையர் கதை இதில் சேராது. அவர்கள் பட்டியல் சாதியில் இருப்பதால் சீர்மரபினர் பட்டியலில் இல்லை. அதனால் அவர்கள்மேல் அந்தச் சட்டம் பாய்ந்தது என்பதே சான்றிதழில் எங்கும் இல்லை.

என் மடற்குழு விவகாரம் இன்னும் முடியவில்லை. பழைய முகவரியைத் திறக்க முடியாததால், அங்கிருந்து வருகிற எல்லாவற்றையும் நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி வடிகட்டி போட்டிருக்கிறேன். கடலூர்த் தோழர் சொன்னதைத்தான் கடைசியில் செய்திருக்கிறேன், கையால் செய்யாமல். பட்டியலில் இருக்கிறேன்.

இந்தக் கட்டுரைக்காக விருத்தாசலம் பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். பேரனுக்குச் சான்றிதழ் வாங்க தாலுக்கா ஆபீஸுக்கு அலைந்துகொண்டிருந்தார். சட்டம் போன சேதி உங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"யாரு வந்து சொன்னா? எங்கப்பாரு டெய்லி ராத்திரி டேசன்ல ஆஜர் குடுக்கணும். அங்கியேதான் திண்ணையில படுக்கணும். ஒருநாள் போனப்ப, இனிமே வராதய்யா, சட்டத்த எடுத்தாச்சுன்னு ஏட்டு சொல்லியிருக்காரு. எங்கப்பாரு நம்பல. நாளைக்கு ஏன்டா வரலன்னு அடிச்சா? மறாநாளும் போனாரு. எங்கம்மா சொல்லும்."

"எத்தனை நாள் போனாருங்கய்யா?"

"அது தெரியல தம்பி. அறுப்பு தொடங்குற மட்டும் போயிருப்பாரு."